சரிவில் எழும் சுவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளிலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கட்டடங்களைப் பற்றியே இருந்தன: இடிக்கப்படும் மார்க்கெட், பக்கத்து மனையில் இறங்கிய பொக்லைன், தேயிலைத் தோட்டத்துக்கு விலை பேசும் தரகர், பட்டா இல்லாத வீடு. ஆகவே இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களில் சிலருக்கு வழக்கு நிலுவையில் இருப்பதால், எல்லோருடைய பெயரையும் தவிர்த்து ஊரை மட்டும் குறித்துள்ளோம்.

கேள்வி: உதகை நகராட்சி மார்க்கெட்டில் என் தகப்பனார் காலத்திலிருந்து காய்கறிக் கடை நடத்தி வருகிறோம். பழைய கடைகளை இடித்துவிட்டுப் புதிய வளாகம் கட்டுவதற்காக எங்களைத் தற்காலிகக் கடைக்கு மாற்றியிருக்கிறார்கள். புதிய கட்டடத்தில் எங்களுக்குப் பழைய இடம் கிடைக்குமா? அதைவிட, மலை நகரத்தில் இவ்வளவு பெரிய கட்டடம் எழுப்புவது சரிதானா?
– வியாபாரி, உதகை

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உதகையில் கட்டுமானம் என்றாலே எதிர்க்க வேண்டும் என்ற எண்ணம் நம்மில் பலரிடம் வேரூன்றிவிட்டது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலத்தில் மீண்டும் கட்டுவதும், புல்லும் மரமும் தேயிலையும் இருந்த சரிவை வெட்டிப் புதிதாகக் கட்டுவதும் ஒரே செயல் அல்ல. மார்க்கெட் தாழ்வான பகுதியில், நெடுங்காலமாகக் கடைகள் நிறைந்திருந்த நிலத்தில் இருக்கிறது. அங்கே சாக்கடையும் மின் இணைப்பும் தீயணைப்பு வண்டி நுழையும் வழியும் ஒழுங்காக அமைந்த கட்டடம் வருமானால் அது நகரத்துக்கு நன்மையே. 2011 கணக்கெடுப்பின்படி 88,430 பேர் வாழ்ந்த நகராட்சி இது. அத்தனை பேருக்கும் சுற்றியுள்ள ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களுக்கும் அன்றாடச் சந்தை இதுதான்.

ஆனால் தாழ்வான நிலத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டுவித்த ஏரி, இன்று நாம் காணும் ஏரியைவிடப் பெரியது. இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் பின்னாளில் அந்த ஏரியிலிருந்து மீட்கப்பட்ட நிலத்தில் அமைந்தவை. அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் மார்க்கெட்டும் இருக்கிறது. நகரின் நடுவே ஓடி ஏரியில் சேரும் கோடப்பமந்து கால்வாய் கனமழை நாட்களில் நிரம்பி வழிவதை நீங்கள் கடையிலிருந்தே பார்த்திருப்பீர்கள். எனவே வியாபாரிகள் சங்கம் நகராட்சியிடம் முதலில் கேட்க வேண்டியது எத்தனை தளம் என்பதை அன்று. தரைத்தளத்தின் மட்டம் கால்வாயின் வெள்ள மட்டத்தைவிட எவ்வளவு உயரம், நிலத்தடி வாகன நிறுத்தம் உண்டென்றால் அதில் சேரும் ஊற்று நீரை எங்கே வெளியேற்றப் போகிறார்கள், பம்பு நின்றுபோகும் இரவில் என்ன ஏற்பாடு என்பவற்றை. வரைபடத்தில் கட்டடத்தின் முகப்பு அழகாக இருக்கும். மழைநீர் வடிகாலின் வரைபடத்தைத் தனியே கேட்டு வாங்குங்கள்.

இனி உங்கள் இடம். பழைய இடமே கிடைக்கும் என்று யார் வாய்மொழியாகச் சொன்னாலும் அதை நம்பி இருக்க வேண்டாம். இடிப்பதற்கு முன் எடுக்கப்பட்ட கடைப் பட்டியலில் உங்கள் கடை எண், சதுர அடி, உரிமதாரர் பெயர் ஆகியவை சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தகப்பனார் பெயரிலேயே உரிமம் தொடர்கிறதென்றால் பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். வாடகை நிலுவை ஏதும் இருந்தால் அதுவே நாளை உங்களை வரிசையிலிருந்து விலக்கும் காரணமாக ஆகக்கூடும். மறு ஒதுக்கீடு குறித்து நகர்மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகலை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, எந்தத் தளத்தில் எந்த வியாபாரம் என்பது. காய்கறி, மீன், இறைச்சி வாங்க வருபவர் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற மாட்டார். மேல்தளத்தில் காய்கறிக் கடையைப் போட்டால் அந்த வியாபாரி ஓராண்டுக்குள் நடைபாதைக்கு இறங்கிவிடுவார். துணி, பாத்திரம், தையல், பழுது பார்க்கும் கடைகள் மேலே செல்லலாம். தரைத்தளம் யாருக்கு என்பதைக் குலுக்கலுக்கு விடாமல் பொருளின் தன்மையை வைத்து முடிவு செய்யும்படி சங்கம் வலியுறுத்துவது நல்லது. மார்க்கெட்டைச் சுற்றித் தரையில் கடை விரிக்கும் பெண்களையும் உங்கள் சங்கம் எதிரிகளாகக் கருத வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு இடம் தருகிறது. அந்தக் குழுவையும் சேர்த்துக்கொண்டு பேசினால் வளாகத்தின் முற்றத்தில் அவர்களுக்கும் இடம் ஒதுக்கச் செய்யலாம்.

கேள்வி: எங்கள் வீடு மேல்மனையில் இருக்கிறது. கீழ்மனையை வாங்கியவர் வீடு கட்டுவதற்காக எங்கள் காம்பவுண்டை ஒட்டி ஏறக்குறைய பதினைந்து அடி ஆழத்துக்கு மண்ணைச் செங்குத்தாக வெட்டியிருக்கிறார். எங்கள் சமையலறைச் சுவரில் விரிசல் தெரிகிறது. கேட்டால், ‘தடுப்புச் சுவர் கட்டப் போகிறேன், பயப்படாதீர்கள்’ என்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– இல்லத்தரசி, காந்தல்

பதில்: இதைப் படிக்கும் நாளிலேயே செய்ய வேண்டியவை சில உள்ளன. விரிசலின் இரு முனைகளையும் பென்சிலால் குறித்து அருகில் தேதியை எழுதுங்கள். ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். இரண்டொரு நாளில் முனை நகர்ந்தாலும், கதவு ஜன்னல்கள் திடீரென இறுகிச் சிக்கினாலும், உங்கள் முற்றத்தில் வெட்டிய விளிம்புக்கு இணையாக நிலத்தில் கோடுபோல் பிளவு தெரிந்தாலும், வெட்டின் அடியில் கலங்கலான நீர் கசிந்தாலும், அந்த வீட்டில் இரவு தங்காதீர்கள். நிலத்தில் பிளவு இருந்தால் அதன்மீது தார்ப்பாய் விரித்து, கூரைத் தண்ணீரையும் பாத்திரம் கழுவும் தண்ணீரையும் குழாய் வழியே வேறு பக்கம் திருப்புங்கள். பிளவுக்குள் இறங்கும் தண்ணீர்தான் சரிவை விரைவுபடுத்துகிறது.

‘தடுப்புச் சுவர் கட்டப் போகிறேன்’ என்ற வாக்கு ஏன் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரியின் அடிப்பாறை சார்னகைட் வகையைச் சேர்ந்தது. அது காலப்போக்கில் சிதைந்து பல அடி ஆழத்துக்குச் செம்மண்ணாகப் படிந்திருக்கிறது. கோடையில் இந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டினால் கத்தியால் வெட்டியதைப்போல் நிற்கும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் மேஸ்திரியும் உரிமையாளரும் ஏமாறுகிறார்கள். மழைநீர் இறங்கியதும் மண்ணின் எடை கூடுகிறது, அதன் பிடிப்பு குறைகிறது. 1978, 1979ஆம் ஆண்டுகளின் நிலச்சரிவுப் பேரழிவுகளும், 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் – குன்னூர் சாலையில் மரப்பாலத்தில் நேர்ந்ததும், 2009 நவம்பரில் 40க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதும் மழை கொட்டித் தீர்த்த நாட்களில் நடந்தவை. மழையே இல்லாத நாளிலும் வெட்டு ஆட்களைக் கொல்லும் என்பதற்கு 2024 பிப்ரவரி 7ஆம் தேதி லவ்டேல் அருகே நடந்தது சான்று. கீழே கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்தபோது மேல்மட்டத்தில் இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து விழுந்ததில் 6 பெண் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். உங்கள் கீழ்மனையில் இறங்கி வேலை செய்யும் கூலிப் பெண்களும் இதே ஆபத்தில்தான் இருக்கிறார்கள் என்பதை அந்த உரிமையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

முறையாகச் செய்பவர் முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்ட மாட்டார். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களில், சில அடி நீளத்துக்கு வெட்டி, அந்தப் பகுதியின் சுவரை எழுப்பி முடித்த பிறகே அடுத்த பகுதியை வெட்டுவார். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, சுவரில் வரிசையாகக் கசிவுத் துளைகள் விட்டு, மேல்விளிம்பில் தண்ணீரைத் திருப்பும் கால்வாய் ஒன்றும் அமைப்பார். துளையில்லாத கான்கிரீட் சுவர் பார்வைக்கு உறுதியாக இருக்கும். ஆனால் அதன் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தத்தைத் தாங்குமாறு யாரும் அதை வடிவமைப்பதில்லை. மலைப் பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. ‘உங்கள் பொறியாளர் அதன்படி வடிவமைத்திருக்கிறாரா, கையொப்பமிட்ட வரைபடம் இருக்கிறதா?’ என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டத்தின் 7ஆவது பிரிவு, ஒருவருடைய நிலத்துக்கு அண்டை நிலத்தின் மண் இயற்கையாகத் தரும் தாங்குதலை அவருடைய உரிமையாகவே ஏற்கிறது. அந்தப் பிரிவு நிலத்தின் இயல்பான நிலையைப் பற்றியது என்பதால், மேலே வீடு கட்டியிருப்பவர் 15ஆவது பிரிவையும் பார்க்க வேண்டும். இடையூறின்றி 20 ஆண்டுகள் அந்தத் தாங்குதலைப் பெற்றுவந்த கட்டடத்துக்கும் அவ்வுரிமை உண்டென அது கூறுகிறது. உங்கள் வீட்டின் வயதைக் காட்டும் பழைய வரி ரசீதுகளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொக்லைன் போன்ற இயந்திரங்களைக் கொண்டு மண் வெட்டுவதற்கு நீலகிரியில் நிர்வாகத்தின் முன் அனுமதி தேவை. அந்த அனுமதி இருந்ததா என்று வருவாய்க் கோட்டாட்சியருக்கும், கட்டட அனுமதி இருக்கிறதா என்று நகராட்சி ஆணையருக்கும் ஒரே நாளில் தனித்தனி மனு கொடுத்து ஒப்புகை பெறுங்கள். வேலை நிற்கவில்லையானால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். அண்டை வீட்டாரோடு மனக்கசப்பு வருமே என்று தயங்காதீர்கள். சுவர் விழுந்த பிறகு வரும் கசப்பு தலைமுறைக்கும் ஆறாது.

கேள்வி: கோத்தகிரி அருகே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டம் உண்டு. பச்சை இலை விலை கூலிக்கே கட்டுவதில்லை. வில்லா கட்டும் நிறுவனம் ஒன்று நல்ல விலை சொல்கிறது. கோவையில் இருக்கும் மகன் விற்றுவிடலாம் என்கிறான். அல்லது நாங்களே மனைகளாகப் பிரித்து விற்கலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி வட்டம்

பதில்: விற்பது உங்கள் குடும்பத்தின் முடிவு; இலை விலை குறைந்துவிட்ட நிலையில் தோட்டத்தைக் கட்டி அழ வேண்டும் என்று உங்களுக்கு உபதேசிக்கும் தகுதி, சமவெளியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் யாருக்கும் கிடையாது. ஆனால் நீங்களே மனை பிரித்து விற்பது வேறு. அதில் இறங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

காரணங்களைச் சொல்கிறேன். தமிழக அரசு 1990இல் மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்து, அதன் பட்டியலில் உள்ள ஊர்களில் நிலப் பிரிவினைக்கும் பெரிய கட்டுமானங்களுக்கும் கூடுதல் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. வனத்துறை, வேளாண்மைத் துறை, சுரங்கத் துறை எனப் பலரிடம் தடையின்மைச் சான்று பெற வேண்டியிருக்கும். மரம் வெட்ட 1955ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்கு மாவட்டத்தில் உள்ள தடையையும் மறந்துவிடக் கூடாது. இத்தனைக்கும் பிறகு சாலை. மலைச் சரிவில் மனைக்கு மனை வண்டி போகும் சாலை வேண்டுமென்றால் வீட்டுக்கு வெட்டும் மண்ணைவிடச் சாலைக்கு வெட்டும் மண் அதிகமாக இருக்கும். அந்தச் சாலையின் கீழே இருப்பது பெரும்பாலும் உங்கள் பங்காளியின் தோட்டமோ ஹட்டியோ ஆகும்.

‘அனுமதி இல்லாவிட்டால் என்ன, பிறகு வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம்’ என்று தரகர் சொல்வார். 2017இல் தொடங்கிய வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உருவான மனைகளுக்கானது. இன்று பிரிக்கும் மனையை அது காப்பாற்றாது. அனுமதியற்ற மனையைப் பத்திரப் பதிவு செய்யவே பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடையாக இருக்கும். மனை வரன்முறை ஆவது வேறு, அதில் வீடு கட்ட அனுமதி கிடைப்பது வேறு என்பதையும் வாங்குபவர்கள் காலம் கடந்தே உணர்கிறார்கள்.

நிறுவனத்துக்கே விற்பதானால், முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். அதில் நடக்கும் மண் வெட்டுக்கும் மரம் வெட்டுக்கும் வரும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். முழுக் கிரயத்தையும் பெற்று முழுமையாக எழுதிக் கொடுங்கள். வாங்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8 வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டம் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் இல்லாத விளம்பரப் பலகையைக் கண்டால் வண்டியைத் திருப்பிவிடுங்கள். வரி ரசீதும் மின் இணைப்பும் இருக்கின்றனவே என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. சீகூர் பகுதியில் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு அவையெல்லாம் இருந்தன. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவற்றில் பலவற்றுக்குச் சீல் வைக்க உத்தரவிட்டது, 2020 அக்டோபர் 14ஆம் தேதி அந்த வழித்தட அறிவிக்கையையே உறுதி செய்தது.

கேள்வி: குதிரைப் பந்தய மைதானத்தை அரசு எடுத்துக்கொண்டதே, அங்கே பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினால் சீசன் நெரிசல் தீராதா?
– வாடகை வண்டி ஓட்டுநர், உதகை

பதில்: தீராது என்றே நினைக்கிறேன். குத்தகை நிலுவையைக் காரணம் காட்டி 2024இல் அரசு மீட்டுக்கொண்ட அந்த நிலம் ஏறத்தாழ 52 ஏக்கர். நகரின் நடுவே கட்டடம் ஏறாமல் எஞ்சிய பெரிய சமதளம். முன்பு ஏரியாக இருந்த அந்தப் பள்ளத்துக்குத்தான் சுற்றியுள்ள குன்றுகளின் தண்ணீர் இன்றும் இறங்குகிறது. அதைக் கான்கிரீட்டால் மூடினால் அந்தத் தண்ணீர் பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் தேடிப் போகும். பூங்கா அமைப்பது என்ற அரசின் முடிவை நான் வரவேற்கிறேன். அங்கும் நடைபாதை, சிமென்ட் மேடை, செயற்கை நீரூற்று என்று ஆசை வளராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகரின் நடுவே வாகன நிறுத்தம் கட்டினால், அது நடுவுக்கே மேலும் வண்டிகளை அழைக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்ற வரம்பும் வந்தது. உங்கள் தொழிலுக்கு அது இழப்பைத் தந்திருக்கும் என்பதை அறிவேன். ஆனால் வெளியூர் வண்டிகளை நகர எல்லையில் நிறுத்திவிட்டு உள்ளே உள்ளூர் வாடகை வண்டிகளிலும் சிறு பேருந்துகளிலும் சுற்ற வைப்பதானால், அந்தப் பிழைப்பு உங்களுக்குத்தான் வரும். உங்கள் சங்கம் பல அடுக்கு நிறுத்தத்தைக் கேட்பதைவிட இதைக் கேட்கலாம்.

கேள்வி: சாமானியன் வீட்டுக்கு 7 மீட்டருக்கு மேல் உயரம் கூடாது என்கிறார்கள். அரசு மட்டும் மாடிமேல் மாடி கட்டுகிறதே, இது என்ன நியாயம்?
– வாசகர், குன்னூர்

பதில்: கோபம் நியாயமானதே. மலை நகரங்களுக்கான 1993ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் கொண்டுவந்த அந்த 7 மீட்டர் வரம்புக்குக் கீழே இரண்டு தளங்கள்தான் அடங்கும். அரசுக்கு விலக்களிக்கும் அதிகாரம் உண்டு. அதை எதற்காகப் பயன்படுத்துகிறது என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும். 2025 ஏப்ரலில் உதகையில் திறக்கப்பட்ட 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலிக்காரரையும் பிரசவத்தில் சிக்கலானவரையும் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கோவைக்குக் கொண்டுபோய், வழியில் இழந்த குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. அப்படியொரு மருத்துவமனையை இரண்டே தளங்களில் பரப்பிக் கட்டினால் இன்னும் பல மடங்கு சரிவை வெட்ட வேண்டியிருக்கும். ஆகவே அங்கே பெரிய கட்டடம் எழுவதை நான் குறை கூற மாட்டேன். ஒரு துறையின் விருந்தினர் மாளிகைக்கோ வணிக நோக்கமுள்ள விடுதிக்கோ அதே விலக்கு கேட்கப்பட்டால் எதிர்ப்பேன்.

வரம்பை மீறிக் கட்டிவிட்டுப் பிறகு விலக்கு வாங்குவதற்கு நீதிமன்றம் என்ன சொல்லும் என்பதற்குப் பழனி மலையிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கொடைக்கானலில் அனுமதித்ததைவிடக் கூடுதலாகத் தளங்கள் எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு விலக்களித்த அரசாணையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. வழக்கைக் கொண்டு சென்றது பழனி மலைகள் பாதுகாப்புக் கழகம் என்ற குடிமக்கள் அமைப்பு. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டுமானால் அதை யாராவது கொண்டுபோய் நீதிமன்றத்தில் வைக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும் வருத்தம்தான்.

கேள்வி: எங்கள் தாத்தா வாங்கிய பழைய பங்களாவை இடித்துவிட்டு விடுதி கட்டலாம் என்று என் அண்ணன் சொல்கிறார். சுவர்கள் கனமானவை, கூரைத் தகரம் துருப்பிடித்துவிட்டது. இடிப்பதுதான் சிக்கனமா?
– வாசகி, குன்னூர்

பதில்: அநேகமாக இல்லை. சுண்ணாம்புக் காரையில் எழுந்த கனமான கற்சுவர்கள் நூறாண்டுகளைத் தாண்டி நிற்கின்றனவென்றால் அடித்தளம் உறுதியான மண்ணிலோ பாறையிலோ இருக்கிறது என்று பொருள். அதே இடத்தில் புதிய அடித்தளம் தோண்டும்போது அந்த உறுதியை நீங்களே குலைப்பீர்கள். கூரையை மட்டும் மாற்றி, மரச் சட்டங்களைச் சோதித்து, மக்கியதை நீக்கி, கழிப்பறைகளைப் புதிதாக அமைப்பது புதுக் கட்டடத்தைவிடக் குறைந்த செலவில் முடியும். புதிய அனுமதிக்காக அலையும் அலைச்சலும் பெருமளவு குறையும். பழைய சுவரின்மேல் சிமென்ட் பூசாதீர்கள், ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுண்ணாம்பு உதிரும், சுண்ணாம்பே பூசுங்கள். இங்குள்ள முன்னோடிகள்கூடப் பழையதைப் பயன்படுத்தத் தயங்கவில்லை. 1830இல் எழுந்த உதகை புனித ஸ்டீபன் தேவாலயத்தின் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்ட மரங்கள். தவிர, சுற்றுலாப் பயணி குன்னூரில் தேடுவது அந்தப் பழைய பங்களாவைத்தான். கோவையில் கிடைக்கும் கண்ணாடிப் பெட்டி அறைக்காக அவர் மலையேறி வர மாட்டார் என்று அண்ணனிடம் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: 1960களின் இறுதியில் இலங்கையிலிருந்து வந்து கூடலூரில் குடியேறிய குடும்பம் நாங்கள். ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று சொல்லி எங்கள் வீட்டுக்குப் பட்டாவும் தரவில்லை, இடிந்த சுவரைக் கட்டவும் அனுமதி தரவில்லை. என்ன வழி?
– வாசகர், கூடலூர்

பதில்: நேரான வழி இருக்கிறது என்று சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம நிலங்களை, அதாவது பரம்பரை உரிமை நிலங்களை, அரசுடைமையாக்க 1969இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 17ஆவது பிரிவின்கீழ் வந்த குத்தகை நிலங்களின் உரிமை இன்றுவரை தீரவில்லை. பெரிய எஸ்டேட்டுகளின் வழக்குகளில் அகப்பட்டுக்கொண்டவர்கள் அரை ஏக்கர் விவசாயிகளும் உங்களைப் போன்ற தாயகம் திரும்பியவர்களும்தான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பழங்குடியினர் அல்லாதவர் அதில் உரிமை கோர மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள் 2005 டிசம்பர் 13க்கு முன்பே அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். 1964ஆம் ஆண்டின் இந்திய – இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் வந்த குடும்பங்களுக்கு அது பொருந்தாது. அதற்காக யாருக்கும் பணம் கொடுத்துவிடாதீர்கள். பணியர், குறும்பர் முதலிய பழங்குடி அண்டை வீட்டாருக்கு அது பொருந்தும், அவர்களுக்கு உதவுங்கள்.

இப்போது செய்யக்கூடியது ஆவணங்களைச் சேர்த்து வைப்பது: தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, முதல் ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் வந்த ஆண்டு, வீட்டு வரி ரசீதுகள். வரி ரசீது உரிமையைத் தராது. ஆனால் நீங்கள் எப்போதிருந்து அங்கு இருக்கிறீர்கள் என்பதற்கு அது சான்றாகும். சுவரைப் பொறுத்தவரை, புதிய கட்டுமானம் என்று மனு எழுதாமல், மழையில் இடிந்த பகுதியை உயிர்ப் பாதுகாப்புக்காகப் பழைய அளவிலேயே சரிசெய்ய அனுமதி என்று படத்துடன் வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் எழுதுங்கள். தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கத்தில்தான் கடுமையாகப் பெய்கிறது என்பதால் மே மாதத்துக்கு முன்பே மனு போய்ச் சேரட்டும்.

கேள்வி: வீட்டைச் சுற்றி மழைநீர் சேகரிப்புக் குழி தோண்டச் சொல்கிறார்கள். மலைச் சரிவிலும் தோண்டலாமா?
– வாசகர், அருவங்காடு

பதில்: சமதளமான மனையில், தடுப்புச் சுவரிலிருந்து விலகித் தோண்டலாம். செங்குத்தான சரிவில், அதுவும் சுவருக்கு மேற்பக்கத்தில், தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி வேண்டாம். அது சரிவை நனைத்து இளக்கும். அதே காரணத்தால் செப்டிக் டேங்கின் உறிஞ்சு குழியையும் அங்கே வைக்கக் கூடாது. கூரைத் தண்ணீரை மூடிய தொட்டியில் பிடித்து வீட்டுக்குப் பயன்படுத்துங்கள். வழியும் நீரைக் குழாய் போட்டு, மண்ணைத் தொடவிடாமல், ஊர் வடிகால்வரை கொண்டுபோய் விடுங்கள்.